பசுவும் அத்தையும் ஒரே வரியில்

பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பாலக்கரையில் எங்கள் அரிசிக்கடையில், மண்ணச்சநல்லூரிலிருந்து வந்த மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த நேரம், கல்லாவில் இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவர், முதல் காரியமாக உயில் எழுத வேண்டும் என்றார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. பெரியம்மாவும் எப்போதோ காலமாகிவிட்டாள். வீடும் கடையும் அவர் சம்பாத்தியம். அதில்தான் அவருடைய தம்பியான என் அப்பா, அம்மா, நான், பிறகு அத்தை எல்லோரும் இருந்தோம்.

அத்தை பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான மறு வருஷமே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து அடுப்படி அவள் பொறுப்பு. ஆறு பேர் உட்கார்ந்தாலும் அறுபது பேர் உட்கார்ந்தாலும் உப்பு ஒரு கல் கூடவோ குறையவோ இருக்காது. எழுதப் படிக்க மட்டும் தெரியாது.

பத்திர எழுத்தர் வீட்டுக்கு வந்து பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனார். இரண்டு நாளில் நகல் வந்தது. அப்பா படித்துவிட்டு, ரேடியோப் பெட்டியின் மேல் வைத்தார்.

"உனக்கும் எழுதியிருக்கு அக்கா, கவலைப்படாதே" என்றார். அத்தை சரி என்று தலையாட்டினாள்.

அன்று மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த பிறகு, அத்தை அந்தக் காகிதத்தை முந்தானையில் மறைத்து எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். "எனக்குன்னு என்ன எழுதியிருக்குன்னு மெதுவாப் படி கண்ணு" என்றாள். வகுப்பிலேயே திக்காமல் படிக்கிறவள் நான்தான் என்ற கர்வம் எனக்கு உண்டு. தேடிப் பிடித்து உரக்கப் படித்தேன்: "மேற்படி வீட்டில் உள்ள கறவைப்பசு ஒன்றையும், என் விதவைச் சகோதரியையும் என் தம்பியானவன் போஷித்து வர வேண்டியது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தை, நீயும் லட்சுமியும் ஒரே வரியில இருக்கீங்க!" லட்சுமி எங்கள் பசு. அத்தையும் சிரித்தாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு, "போஷிக்கிறதுன்னா என்னடி?" என்று கேட்டாள்.

"தீனி போட்டு வளக்கிறது அத்தை. டீச்சர் சொல்லியிருக்காங்க."

அத்தை காகிதத்தை வாங்கி, மடிப்பு கலையாமல் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்து கீரை ஆயத் தொடங்கினாள். அன்று ராத்திரி ரசத்தில் உப்பே இல்லை.

மறுநாள் காலை பத்திர எழுத்தர் நகலை வாங்கிப்போக வந்தார். பெரியப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார், பக்கத்தில் அப்பா. அத்தை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். வெளி ஆள் இருக்கும்போது அவள் அங்கே வந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணே, பசுவைத் தனி வரியா எழுதச் சொல்லுங்க."

பெரியப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது.

"வழக்கமா எழுதுற வாசகம்தாங்க" என்றார் பத்திர எழுத்தர்.

"இருக்கட்டுங்க. எனக்குப் பின்கட்டுல ரெண்டு ரூமும், சந்துப் பக்கம் இருக்கிற கதவும் வேணும். என் பேர்ல."

அப்பா எழுந்துவிட்டார். "என்னக்கா இது? நான் உன்னை வெளியில அனுப்பிருவேனா?"

"அனுப்ப மாட்டே தம்பி. எனக்குத் தெரியும். அனுப்ப முடியாதுன்னும் எழுதியிருக்கட்டுமே."

பெரியப்பா மெல்ல, "உனக்கு யார் படிச்சுக் காட்டினது?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். என்னால்தான் வீடு இரண்டாகிறது என்று நினைத்தேன்.

"நான்தான் படிக்கச் சொன்னேன். பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க."

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். அடிக்கப் போகிறார் என்றே போனேன். அவரோ பத்திர எழுத்தரைப் பார்த்து, "அவ கேட்டபடி மாத்தி எழுதுங்க" என்றார். எழுதி முடித்ததும் காகிதத்தை என்னிடம் கொடுத்தார். "எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படி." படித்தேன். பின்கட்டை அத்தை "சர்வ சுதந்திரமாய் அடைந்துகொள்ள வேண்டியது" என்ற இடத்தில், வாழ்க்கையில் முதல்முறையாகத் திக்கினேன். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட, உயில் பதிவாகிப் பீரோவுக்குள் போனது. அம்மா ஒரு வாரம் பாத்திரங்களோடு மட்டும் பேசினாள். பெரியப்பா தேறிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். அவர் அவ்வளவு கவலைப்பட்டு எழுதிய லட்சுமி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. ஆகவே அந்தக் காகிதத்துக்கு ஒன்பது வருஷம் எந்த வேலையும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் பதிவான அடுத்த சனிக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை வீட்டில் இல்லை. சோறு வடித்து மூடியிருந்தது. எங்கே என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாள், நான் படித்ததால்தான் போய்விட்டாள் என்று வாசலில் உட்கார்ந்து அழுதேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள், தலையில் துளசி, கையில் எனக்கு ஒரு பொட்டலம் கல்கண்டு. ஸ்ரீரங்கத்துக்குத் தனியாகப் போய்விட்டு வந்திருக்கிறாள். அதுவரை அவள் கோயிலுக்குக் கிளம்ப வேண்டுமானால் பெரியப்பாவைக் கேட்டு, அம்மாவைக் கேட்டு, துணைக்கு ஆள் கிடைக்கும்வரை காத்திருப்பாள். சில சமயம் மாசக்கணக்கில்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா அத்தை?" என்று விசும்பினேன்.

"போனா என்னடி, வந்துட்டேன்ல" என்று என் வாயில் ஒரு கல்கண்டைப் போட்டாள். அவள் முகத்தில் அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை. தரிசனம் நன்றாகக் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.