துறைமுகச் சோடி

கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் சோடி சோடியாகத்தான் வேலை செய்வோம். கப்பலின் அடித்தட்டில் அரிசி மூட்டைகள் அடுக்கிக் கிடக்கும். ஆளுக்கொரு இரும்புக் கொக்கி. மூட்டையின் இரண்டு பக்கமும் கொக்கியைப் போட்டுவிட்டு நிற்போம். சோடியில் ஒருவன் "எடு" என்று சொல்ல வேண்டும். அவன் சொல்லாமல் மற்றவன் தூக்கினால் யாராவது ஒருவனுடைய இடுப்புப் போய்விடும். எங்கள் சோடியில் சொல்கிறவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத நான் சத்தமாகச் சொல்லிப் பழகியது அந்த ஒரு சொல்தான்.

எழுபத்தேழில் தமிழரை அடித்த கலவரத்துக்குப் பிறகு மனைவி பிள்ளைகளோடு வன்னிக் காட்டுப் பக்கம், ஒட்டுசுட்டானுக்கு வந்தேன். புறப்படும்போது என் சோடி, "நானும் வந்துரவா?" என்று கேட்டான்.

"காட்டுல வந்து என்னா செய்வ? அரிசி கப்பல்லதான வருது. மூட்டைய மனுசன்தான தூக்கணும். நீ இரு" என்றேன். அப்போது அது நல்ல புத்தியாகத்தான் பட்டது.

எண்பத்து மூன்று மாசியில், அறுவடை நேரம், ஒரு தகரப் பெட்டியோடு அவன் எங்கள் வாசலில் நின்றான். தேத்தண்ணி போடவா என்று மனைவி கேட்டதற்கு நான் "ஆமா" என்காமல் "ஓம்" என்றதும் சிரித்தான்.

"ஓமா? ஆறு வருசத்துல யாழ்ப்பாணத்தான் ஆயிட்டியேடா!"

சாப்பிட்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். "இப்ப எல்லாம் பெட்டியில வருது சோடி. வீடு மாதிரி இரும்புப் பெட்டி. கிரேன் தூக்கி லொறி மேல வச்சிருது. உள்ள என்னா இருக்குன்னு நமக்குத் தெரியாது. முந்தி ஒரு கப்பல் வந்தா ஒரு வாரம் வேலை. இப்ப வந்த கப்பல் மறுநாளே போயிருது."

"உன்னக் கூப்பிடுறதில்லியா?"

"பெட்டியில எங்க கொக்கி போடுறது?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரு என்று சொன்னவன் நான். அதைச் சொல்லி அவன் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். இங்கே வேலை கிடைத்தால் கொழும்பில் கொச்சிக்கடை அறையைக் காலி செய்து, மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்து வந்திருந்தான்.

அறுவடைக் காலத்தில் நான் ஒரு நெல் முதலாளியிடம் லொறி ஏற்றும் வேலை செய்துவந்தேன். அவரிடம் கேட்கப் போய், கேட்காமலே திரும்பி வந்தேன். மறுபடி போனபோது அவரே, "என்னடாப்பா, வாசலடியில நிண்டு நிண்டு போறாய்?" என்று கேட்டதால்தான் சொன்னேன்.

"கொழும்பு ஆளோ? நாளைக்கு ஒரு லோட் ஏத்தட்டும். வேலையைப் பாத்துச் சொல்லுறன்."

மறுநாள் காலை, களஞ்சியத்து வாசலில், அவன் ஒரு துணிச் சுருளை அவிழ்த்தான். உள்ளே இரண்டு கொக்கிகள். ஒன்று, நான் துறைமுகத்தில் விட்டுவந்த என்னுடையது.

வன்னியில் நெல் மூட்டைக்குக் கொக்கி போடுவதில்லை. சாக்குகள் எல்லாம் ஒட்டுப் போட்டு வருஷக்கணக்காகப் பாவிப்பவை; கொக்கி பட்டால் கிழிந்துவிடும். கையால் அணைத்துத்தான் தூக்க வேண்டும். துறைமுகத்தில் சிந்தியதைக் கூட்டி அள்ள வேறு ஆட்கள் இருந்தார்கள். அவனுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் கொக்கிப்பிடி உள்ளங்கையில் வந்து பொருந்தியதும், நான் "எடு" என்றேன். அவன் எடுத்தான். அத்தனை வருஷம் கழித்தும் இரண்டு உடம்பும் ஒன்றாகவே நிமிர்ந்தன. அந்தச் சந்தோஷத்தில் சாக்குகளை நான் பார்க்கவே இல்லை. "என்ன வேகமடா!" என்று முதலாளியும் சிரித்தார்.

லொறி களஞ்சியத்திலிருந்து மாங்குளம் றோட்டு நெடுக நெல்லைச் சிந்திக்கொண்டு போயிருக்கிறது. விடியப் பார்த்தால், அதைப் பொறுக்கிக்கொண்டே யானைகள் களஞ்சியம் வரை வந்து, பின்பக்கத் தகரத்தைப் பிய்த்துப் போட்டிருந்தன.

"ஆரடா கொக்கி போட்டது?" என்று முதலாளி கத்தினார்.

"ரெண்டு பேரும்" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதற்குள் அவன், "நான்தாங்க முதலாளி. கப்பலுக்குள்ள யானை வராதுங்களே" என்றான். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"உன்ர ஆளை ரெயில் ஏத்திவிடு. அவன் இங்க நிண்டால் நீயும் இந்தப் பக்கம் வராதை."

மாங்குளம் ஸ்டேஷனில் ரெயில் வந்து நின்றது. தகரப் பெட்டியின் ஒரு பிடியை அவன் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே இரண்டு சாரமும் ஒரு சட்டையும்தான். ஒரு கையாலேயே ஏற்றியிருக்கலாம். ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மற்றப் பிடியைப் பிடித்தேன். எங்கள் காணியில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் அரை ஏக்கர் வெறுமனே கிடந்தது. ஒரு குடும்பம் குடிசை போட்டுத் தோட்டம் செய்ய அது போதும். கொழும்பில் அவ்வளவு லேசாக வந்த "நீ இரு" என்ற சொல், முதலாளியை நினைத்ததும் வரவில்லை. கார்ட் விசில் ஊதினார்.

"எடு" என்றேன்.

அந்த ஆடியில் மறுபடி கலவரம் வந்து கொழும்பு எரிந்தது. வவுனியாவில் அகதியாக வந்திறங்கிய சனத்துக்குள் போய்த் தேடினேன். கொச்சிக்கடையிலிருந்து வந்தவர்களில் அவனைத் தெரியும் என்றவர்கள் இருந்தார்கள். கண்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்த அரை ஏக்கரில் இன்றுவரை நான் ஒன்றும் போடவில்லை. நல்ல மண்ணைப் பற்றைக் காடாக விட்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு மழைக்கும் மனைவி ஏசுகிறாள்.