நீலமாகவே இருந்த சீனி

எறும்புகள்தான் முதலில் கண்டுபிடித்தன.

தாராவியில் எங்கள் அறையின் மூலையில் ஒரு மோரி (குளிக்கவும் பாத்திரம் கழுவவும் தடுத்த இடம்) உண்டு. பொதுக் கக்கூஸ் தூரம் என்பதால் அப்பா அங்கேயே சிறுநீர் கழிப்பார். விடிந்தால் அதைச் சுற்றிக் கறுப்பு எறும்புகள் மொய்த்திருக்கும். நான் கருப்பட்டிப் பாகைச் சிந்திவிட்டதாக அம்மா திட்டினாள். நான் சிந்தவில்லை. இவை எதைத் தின்ன வருகின்றன என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தோல் பை தைப்பவர். கால்மிதித் தையல் இயந்திரம்தான் அவர் உலகம். அந்த மழைக்காலத்தில் அவர் மெலிந்துகொண்டே போனார். நிறையச் சாப்பிட்டார், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், ஆனாலும் சட்டை தொளதொளத்தது.

மெலிவுக்கு அம்மாவிடம் ஒரு மருந்து இருந்தது: உளுந்தங்களி. உளுந்து மாவைக் கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி ஊற்றி, கையில் ஒட்டாமல் உருளும்வரை கிண்டுவாள். வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கொடுப்பது அது. அம்மா அப்பாவுக்குக் கொடுத்தாள். அவர் எவ்வளவு மெலிந்தாரோ அவ்வளவு பெரிதாக உருண்டை பிடித்தாள்.

ஒருநாள் தோல் வெட்டும் கத்தி அப்பாவின் வலது கால் விரலில் விழுந்தது. சின்னக் காயம். அது ஆறவே இல்லை. விரல் கறுக்கத் தொடங்கியபோது மாட்டுங்கா டாக்டரிடம் போனோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் மெட்ரிக் முடித்தவள் நான் ஒருத்திதான். அதனால் அப்பாவோடு உள்ளே போனதும் நான்தான்.

"சர்க்கரை வியாதி," என்றார் டாக்டர். (உண்ட உணவிலிருந்து வரும் சர்க்கரையை உடம்பு பயன்படுத்த முடியாமல் சிறுநீரில் கொட்டிவிடும் நோய்.) "சர்க்கரை எறங்கினாத்தான் புண் ஆறும். ஏறிண்டே போனா பாதத்தையே எடுக்க வேண்டி வரும்."

அப்பா தன் பாதத்தைப் பார்த்தார். இயந்திரத்தை மிதிக்கும் பாதம் அதுதான்.

டாக்டர் என்னிடம் ஒரு சோதனைக் குழாயும் ஒரு பாட்டில் நீல மருந்தும் கொடுத்தார். மருந்தில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் இருக்கிறது. செங்கல் நிறம் என்றால் மிக அதிகம். அந்தக் குழாயை யாரையும் தொடவிடாமல் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை தினமும் உள்ளே போயிற்று. குழாயில் செங்கல் நிறம் மாறவில்லை.

"அம்மா, சீனி போடுதியா?"

"ஒரு பொட்டு சீனி கெடையாது இந்த வீட்டுல. டாக்டர் சொன்ன அன்னைக்கே நிறுத்தியாச்சு."

"களியில?"

"அது கருப்பட்டிலா. கருப்பட்டி மருந்துட்டி. பெத்தவளுக்கே குடுக்கோம்."

நான் வாதாடவில்லை. கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, நீல மருந்தில் விட்டு, அவள் கண்முன்னே காய்ச்சினேன். செங்கல்லாகச் சிவந்தது. அம்மா குனிந்து குழாயைப் பார்த்தாள். பிறகு பக்கத்து அறையில் ஒரு பிடி சீனி வாங்கி வந்தாள்.

"இதையும் போடு, பாப்போம்."

போட்டேன். கொதித்தது. நீலம். கழுவிவிட்டு மறுபடியும் செய்தேன். அப்போதும் நீலம்.

கட்டிலிலிருந்து அப்பா சிரித்தார். "அப்ப சீனியில சீனி இல்ல. போடு சாயாவுல ரெண்டு கரண்டி."

"என்னட்டி மெட்ரிக்கு, பதில் சொல்லு," என்றாள் அம்மா.

சீனியை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டு மறுநாளே மாட்டுங்காவுக்குப் போனேன்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இத்தனை பேருக்குக் குழாய் குடுத்திருக்கேன். அதுல சீனியைப் போட்டுப் பார்த்தவ நீதான். சீனிங்கறது ரெண்டு சர்க்கரை கைகோத்துண்டு நிக்கறது. அப்படி நின்னா இந்த மருந்துக்குப் பிடிபடாது. கருப்பட்டியில கை பிரிஞ்ச சர்க்கரையும் கொஞ்சம் கலந்திருக்கும், அதான் அது செவந்துது. உள்ளே போனா கை பிரிஞ்சுடும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு நன்னாக் கொதிக்கவச்சு, அப்புறம் போட்டுப் பாரு."

வீட்டில் அப்படியே செய்தேன். பச்சை, மஞ்சள், பிறகு செங்கல்.

"எலுமிச்சம்பழம் பட்டதும் வேஷம் கலைஞ்சு போச்சே," என்று அம்மா அருகில் வந்தாள். "உங்கப்பா வயித்துக்குள்ளயும் எலுமிச்சம்பழமா இருக்கு?"

"அதவிடப் புளிப்பு இருக்கும்மா."

அன்று கருப்பட்டிச் சிப்பத்தைப் பக்கத்து அறைக்குக் கொடுத்துவிட்டாள். உங்கள் வீட்டிலும் இந்த நோய் வந்திருந்தால், என்னென்ன நிறுத்தினோம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளாதீர்கள். நோயாளி தேற வேண்டுமென்று புதிதாக எதைச் சமைக்கத் தொடங்கினோம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசி (சர்க்கரையை உடம்பு பயன்படுத்த உதவும் மருந்து) தொடங்கினார்கள். மருந்துக் குப்பியை ஈர மணலில் வைத்த மண்சட்டியில் குளுமையாக வைத்தோம். ஒரு விரல் போயிற்று. பாதம் தப்பியது. புண் மூடிய இடத்தில் தோல் வெளிறி, வேறு யாருடையதோ போல மினுங்கியது. முதல்நாள் இயந்திரத்தில் உட்கார்ந்தவர் மிதிக்காமல், அந்தக் காலை மிதிமேல் வெறுமனே வைத்துக்கொண்டிருந்தார்.

களியை அம்மா கைவிடவில்லை. உப்புப் போட்டு, எண்ணெயைக் குறைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டை. "சுவத்துக்குப் பூசலாம்," என்பார் அப்பா. தின்றுவிடுவார்.

இப்போது குழாயைக் காய்ச்சுவது அம்மாதான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நிறத்துக்குத் தன் பெயர்களை வைத்திருக்கிறாள். "இன்னைக்குப் பாசிப்பயறு." "இன்னைக்குப் பூசணி." பயறு என்றால் பச்சை, பூசணி என்றால் மஞ்சள். எங்களுக்குக் கிழமைகள் மறந்துபோயின. போன பூசணிக்குப் பிறகு, இந்தப் பாசிப்பயறுக்கு முன்னால் என்றுதான் பேசுகிறோம்.

ஒரு காலை என்னுடையதையும் காய்ச்சினேன். இது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"யாருது?" என்றாள் அம்மா.

"என்னுது."

கிண்டிக்கொண்டிருந்த அகப்பையோடு வந்து நின்றாள். அதுவரை என் உடம்பை நான் கேள்வி கேட்டதே இல்லை. தண்ணீர் குமிழியிட்டது. நிறம் மாறவில்லை. சீனியும் முதலில் இப்படித்தான் இருந்தது என்று இருவருக்குமே நினைவு வந்திருக்க வேண்டும். யாரும் பெருமூச்சு விடவில்லை.

"இன்னைக்கு நீலம்," என்று சொல்லிவிட்டு, அகப்பையிலிருந்த உப்புக் களியில் கொஞ்சம் கிள்ளி என் வாயில் வைத்தாள்.