என் முதல் நன்றியுரை

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருகோணமலைக் கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் எங்கள் வீட்டில்தான் இது தொடங்கியது. முகம் கழுவிவிட்டு வந்து, குசினிக்குள் எட்டிப் பார்த்து, மனைவியிடம் தேத்தண்ணி கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது, நாங்கள் உட்காருகிற “கதிரை” என்ற சொல்.

அவள் சிரித்தாள். நான் எந்நேரமும் பகிடி விடுகிற ஆள். திருத்திச் சொல்லப் போனேன், மறுபடியும் “கதிரை”. அடுத்த தரம் அதுவும் வரவில்லை, ஒரு முனகல்தான் வந்தது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த அகப்பையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து என்னைப் பிடித்தாள். என் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்ததாம்.

பாரிசவாதம். எதிர்வீட்டு ஓட்டோக்காரத் தம்பி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிர் தப்பினேன். வலது கையும் காலும் சில கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. மற்றவர்கள் கதைப்பது எல்லாம் விளங்கும். நான் சொல்ல நினைப்பதும் மனதுக்குள் தெளிவாக நிற்கும். அங்கிருந்து வாய்க்கு வருவதற்குள் எங்கோ தொலைந்துபோய்விடும்.

வேறு யாருக்கு நடந்திருந்தாலும் கொடுமைதான். எனக்கு நடந்ததில் இன்னொரு கொடுமை இருந்தது. கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் வேலை செய்தாலும், ஊர் என்னை அறிந்தது மைக்கால்தான். தோணியோட்டம், கபடி, கயிறிழுத்தல் என்று எங்கே போட்டி நடந்தாலும் நேர்முக வர்ணனைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சு விடாமல் பேசுவேன். தோற்கிற தோணிக்காரனும் என் பேச்சைக் கேட்டு இன்னும் கொஞ்சம் துடுப்பு வலிப்பான் என்பார்கள். அப்படிப்பட்டவனுக்கு ஒரு தேத்தண்ணி கேட்க ஏலாது.

வீட்டுக்கு வந்த பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். ஆட்கள் பார்க்க வந்தால் நித்திரை மாதிரிக் கிடந்தேன். அவர்கள் மெல்லிய குரலில் “பாவம்” என்று சொல்லிவிட்டுப் போவது கேட்கும். இனி என்ன, இவ்வளவுதான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

கிழமைக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. பயிற்சி தந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பிள்ளை. எனக்கு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். மாம்பழம், பூனை, குடை என்று படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஒரு நாள் மாம்பழப் படத்தோடு மற்றப் படங்களையும் கையால் தள்ளிவிட்டேன். எல்லாம் நிலத்தில் சிதறின. மனைவி பதறிப்போனாள். அந்தப் பிள்ளை பதறவில்லை. குனிந்து பொறுக்கி ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சரி அங்கிள், படம் வேணாம். வீட்டுக்குப் போய் வேற ஒரு வேலை செய்ங்க. ஒவ்வொரு நாளும் ஒரு ஆளுக்கு நன்றி சொல்லுங்க. அவங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க எண்டும் சேத்துச் சொல்லணும். நேத்துச் சொன்னத இண்டைக்குச் சொல்லப்படாது.”

எதற்கு என்பதுபோலக் கையை விரித்தேன்.

“மாம்பழம் எண்டு நீங்க சொல்றதக் கேக்க ஒருத்தரும் காத்துக்கிட்டு இருக்கமாட்டாங்க. தனக்குச் சொல்ற நன்றியக் கேக்க எந்த ஆளும் காத்திருப்பாங்க. எவ்வளவு சுணங்கினாலும் காத்திருப்பாங்க” என்றார்.

அன்று மத்தியானம் மனைவி சோற்றைக் குழைத்துக் கொண்டுவந்து தந்தாள். முதல் ஆள் அவள்தானே. முகம் வியர்க்க முயன்று, “நன்… நன்றி” என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு நான் சொன்ன முதல் உருப்படியான சொல் அதுதான். அவள் சந்தோசப்படுவாள் என்று பார்த்தால் முகம் கறுத்துவிட்டது.

“என்னப்பா இது? நான் என்ன பிறத்தியாளா, எனக்கு நன்றி சொல்ல?” என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது சரிதான். எங்கள் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்? அது மேடையில் புழங்குகிற சொல். சோறு போட்ட மனைவிக்குச் சொன்னால், பக்கத்தில் இருந்தவளைத் தள்ளி நிறுத்தியதுபோல ஆகிவிடுகிறது. அடுத்த கிழமை மனைவி இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார்.

“எங்கட வீட்டிலயும் அப்படித்தான் அன்ரி. உம்மாக்குச் சொன்னா எனக்குப் பேச்சுத்தான் விழும். அந்தச் சொல்ல விடுங்க அங்கிள். அவங்க செஞ்சது என்ன எண்டு மட்டும் சொன்னாப் போதும்.”

மறுநாள் காலை மனைவி முற்றம் கூட்டப் போகும்போது கையைக் காட்டி நிறுத்தினேன். “நீ… நகம்… வெட்டி… விட்டாய்.” இந்த நாலு சொல்லும் வந்து சேர்வதற்குள் என் தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. அவள் விளக்குமாற்றோடு அப்படியே நின்றாள். முந்தின நாள் பின்னேரம் என் வலது கை நகங்களை அவள் வெட்டிவிட்டிருந்தாள்.

“ஓம்” என்றாள். பிறகு, “கவனிச்சனீங்களோ?” என்று கேட்டாள். அன்றைக்கு முற்றம் கூட்டும்போது அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பல நாட்களாகக் கேட்காத சத்தம்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை தொடங்கியது. நேற்றுச் சொன்னதைச் சொல்லக்கூடாதே! புதிதாக ஏதாவது வேண்டும். அதனால் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. முன்வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் நான் கண்ணயரும் நேரத்தில் ரேடியோவைக் குறைத்து வைக்கிறாள். மீன் கொண்டுவருகிறவர் பெரிய வீதியால் திரும்பி எங்கள் ஒழுங்கைக்குள் வந்ததும் ஹோர்ன் அடிப்பதை நிறுத்திவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார். இதையெல்லாம் யாரும் என்னிடம் சொல்லிக்கொண்டு செய்யவில்லை. மத்தியானம் ஆகும்போதே கையில் இரண்டு மூன்று விசயம் சேர்ந்துவிடும். இன்றைக்கு யாருக்குச் சொல்வது என்று எனக்குள்ளேயே ஒரு சின்னப் போட்டி. நம்ப மாட்டீர்கள், அந்தப் போட்டி நல்ல சந்தோசமாக இருந்தது.

செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. ஒரு நாள் பயிற்சிக்குப் போகும் வழியில் ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“அண்ணை, எல்லாருக்கும் சொல்லுறியளாம். எனக்கு எப்ப?”

அவனுக்குரியதை நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன். “நீ… பள்ளம் பாத்து… மெல்ல… ஓடுவாய். எனக்கு… நோகாது.” அவன் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினான். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தான். அழுததை மறைக்கவோ என்னவோ, அந்த வீதியைப் போட்டவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மிச்ச வழிக்கும் ஓட்டோவை ஓட்டினான்.

நாள் போகப் போகச் சொற்கள் கூடின. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வந்து வசனமாக நின்றன. அந்தத் துணிவில் ஒரு நாள் தனியாக பஸ் ஏறினேன், நிலாவெளியில் இருக்கும் ஒரு சிநேகிதனைப் பார்க்க. கொண்டக்டர் எங்கே போவதென்று கேட்டார். “நி… நி…” என்று நின்றுவிட்டேன். சனம் நெருக்குகிறது. அவசரப்பட்டேன்; வேறு ஏதோ ஒரு சொல் வந்து விழுந்தது.

“விடியவே போட்டுட்டு வந்திட்டியள் போல” என்றார் அவர். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வாழ்க்கையில் குடித்தவன் இல்லை. அதைச் சொல்லவும் வாய் இல்லை. அடுத்த தரிப்பில் இறங்கி, வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். வந்து, மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். ஒரு கிழமைக்கு மேல் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

மனைவி என்னை எழும்பச் சொல்லிக் கெஞ்சவில்லை. ஒரு பின்னேரம் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

“இண்டைக்கு நான் சொல்லப்போறன். கேளுங்கோ” என்றாள். “அண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகேக்க நான் பயத்தில நடுங்கிக்கொண்டிருந்தனான். உங்களுக்குக் கதைக்க ஏலாது. வலது கை விழுந்துபோச்சு. ஆனா இடது கையால என்ர கையைப் பிடிச்சு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தடவிக்கொண்டே வந்தனீங்கள். அந்த நேரத்திலயும் எனக்குத் தைரியம் சொன்னது நீங்கள்தான். இதை நான் உங்களுக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை.”

எனக்கு அது துளியும் நினைவில்லை. அன்றைக்கு என்னை ஒரு மூட்டை மாதிரித் தூக்கிப் போனார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வாய் செத்துப்போன அந்த நேரத்தில்கூட நான் ஒருத்திக்கு ஏதோ சொல்லியிருக்கிறேன். அவள் அதைக் கேட்டிருக்கிறாள். சுவரை விட்டுத் திரும்பினேன். எவ்வளவு நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

அடுத்த கிழமை அதே பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் வேறு ஆள். வீட்டில் பல தரம் சொல்லிப் பார்த்த வசனத்தை நிமிர்ந்து நின்று சொன்னேன்: “தம்பி, எனக்குச் சுகமில்லை. மெல்லத்தான் கதைப்பன்.” அவர் காத்து நின்றார். “நிலாவெளி” என்ற சொல் வந்தது. இறங்கும்போது, “நீ காத்து நிண்டாய்” என்றேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது, ஆனால் சிரித்தார்.

அடுத்த சித்திரைப் புத்தாண்டு வந்தது. கடற்கரை விளையாட்டு விழாக் குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். வர்ணனைக்கு வேறு ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டார்கள்.

“நீங்கள் வந்து முன்வரிசையில இருந்தாலே எங்களுக்குப் பெருமை அண்ணை” என்றார் தலைவர்.

“நன்றியுரை… ஆர்?” என்று கேட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எந்த விழாவிலும் நன்றியுரையை யாரும் கேட்பதில்லை. பரிசு கொடுத்து முடிந்ததும் சனம் எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு நடக்கத் தொடங்கும். ஒரு பக்கம் கதிரை அடுக்கும் சத்தம். அந்த இரைச்சலுக்குள் யாரோ ஒருவர் கடகடவென்று வாசித்துவிட்டு இறங்குவார்.

“அதை ஆரும் சொல்லலாம் அண்ணை.”

“நான்… சொல்லுறன்.”

விழா அன்று காலையிலேயே மனைவியோடு கடற்கரைக்குப் போய்விட்டேன். பழகிப்போனதே, யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னேரம் கடைசிப் பரிசும் கொடுத்தாயிற்று. வழமைபோலச் சனம் எழும்பியது. நான் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தேன்.

“விடியக் காலமை… இந்தக் கரையில… உடைஞ்ச போத்தில் ஓடு பொறுக்கினவை… மூண்டு பொம்பிளையள். இண்டைக்கு… ஓடின ஒரு பிள்ளைக்கும்… காலில கீறல் இல்லை.”

மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் அப்படியே நின்றார்கள். அவர்களைச் சுற்றி நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“தன்ர கிணத்தடியை… எல்லாருக்கும் திறந்து விட்ட… பச்சைக் கேற் வீட்டு அம்மா.” யாரோ கை தட்டினார்கள். “வெல்ல ஏலாது எண்டு தெரிஞ்சும்… கரை வரைக்கும் வலிச்சு வந்த… கடைசித் தோணிக்காரர்.” இப்போது கதிரை அடுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. எழும்பியவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள்.

கடைசியாக ஒன்று இருந்தது. ஓட்டம் தொடங்கும் நேரத்தில் ஒரு தோணியில் துடுப்பு முறிந்துவிட்டது. அவர்களோடு அடுத்து மோத இருந்த அணிக்காரர் ஒருவர் இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடிப்போய்த் தன்னுடையதைக் கொடுத்தார். அதைச் சொல்ல வந்தேன். “எதிர் அணிக்கு… தன்ர… தன்ர…” அந்தச் சொல் வரவில்லை. என் வாய் ஆயிரம் தரம் சொன்ன சொல். வரவே இல்லை.

முன்வரிசையில் இருந்தவர்களின் உதடுகள் அசைந்தன. அங்கே நின்ற எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். ஒருவரும் சொல்லித் தரவில்லை. என் மனைவி மடியில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சொல்லவில்லை. எவ்வளவு சுணங்கினாலும் வரும் என்று அத்தனை பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

“துடுப்பைக்… குடுத்தவர்!”

கடற்கரை அதிர்ந்துபோனது. வெல்கிற தோணிக்காக அப்படி ஒரு கைதட்டலை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒரு சொல்லுக்காக அன்றைக்குத்தான் கேட்டேன். மேடையால் இறங்கியபோது என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. துடுப்புக் கொடுத்தவரை அவரது கூட்டாளிகள் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். போத்தில் ஓடு பொறுக்கிய மூன்று பெண்களையும் சுற்றிச் சனம் கதைத்துக்கொண்டு நின்றது.

நேர்முக வர்ணனைக்கு இப்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை. என் நாக்கு இனி அந்த வேகத்துக்கு வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் திரியாயிலிருந்து மூதூர் வரைக்கும், கோயில் விழாவோ பள்ளிக்கூடப் போட்டியோ, நன்றியுரைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் காலையிலேயே போய்விடுவேன். பின்னேரம் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடிக்கும்வரை சனம் இருந்து கேட்கிறது. என்னைச் சுகப்படுத்தியது மருந்தும் பயிற்சியும்தான். ஆனால் விடிந்ததும் எழும்ப வேண்டும் என்ற ஆசையை எனக்குத் திருப்பித் தந்தது, இன்றைக்கு யாரைப் பற்றிச் சொல்லலாம் என்ற அந்தத் தேடல்தான். அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.