பச்சைக்காரன், சிவப்புக்காரன், அப்பா

எங்கள் அப்பா எந்தப் பொருளையும் முதலில் சொன்ன விலைக்கு வாங்கியதுமில்லை, விற்றதுமில்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் கறவை மாடு வாங்கினாலும் அவருக்கு ஒரே சட்டம்தான். கச்சிராயபாளையம் கடைத்தெருவில் அப்பா தலை தெரிந்ததுமே சில வியாபாரிகள் விலையை ஏற்றி வைத்துக்கொள்வார்கள் என்று அம்மா சொல்வாள். அவர் குறைத்துக் கேட்க இடம் வேண்டுமே! ஏற்றியதைக் குறைத்து, கடைசியில் ஊரெல்லாம் கொடுக்கும் விலையைத்தான் அப்பாவும் கொடுத்துவிட்டு வருவார். ஆனால் வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். கோட்டையைப் பிடித்துவிட்டு வருகிறவர் மாதிரி இருக்கும்.

அவருடைய பெரிய வெற்றிகள் எல்லாம் மரவள்ளியில்தான். எங்கள் நிலத்தில் பாதி கரும்பு, பாதி மரவள்ளி. கரும்புக்கு ஆலை சொல்வதுதான் விலை, அதில் அப்பாவுக்கு ருசியே கிடையாது. மரவள்ளி அப்படியில்லை. கிழங்கு முற்றிய பிறகும் சில வாரம் மண்ணுக்குள்ளேயே விட்டு வைக்கலாம். ஜவ்வரிசி மில்களின் புரோக்கர்கள் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கொல்லைக்கு வருவார்கள். ஒருவர் சொன்ன விலையை இன்னொருவர் காதில் போட்டு, அவர் சொன்னதை இவர் காதில் போட்டு, கடைசியில் கட்டுப்படியாகாது என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடப்பார். மோட்டார் கொட்டகையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து, "அண்ணே, இருங்கண்ணே" என்று குரல் வரும். வராமல் இருந்ததே இல்லை. உண்மையான பேரம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். எழுந்து போகிறவரைக் கூப்பிடாமல் விடுவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது ஊரடங்கு வந்தது. சேலத்தில் கட்டட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்கா, பெட்டியும் லேப்டாப்புமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இனிமேல் கட்டப்போகும் வீட்டை, கட்டி முடித்துப் பெயின்ட் அடித்தது போலவே கம்ப்யூட்டரில் படமாகச் செய்து காட்டுவது அவள் வேலை. கள்ளக்குறிச்சியில் இருந்த ஓர் இன்ஜினியர், கரியாலூரில் அருவி பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டப்போகும் விடுதியின் படத்தை அவளிடம் கேட்டிருந்தார். லேப்டாப் அந்தப் படத்தைப் பிள்ளை பெறுகிற மாதிரி முனகிக்கொண்டே செய்தது. வீட்டில் இருந்த ஒரே ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு நாங்கள் வியர்த்துக்கொண்டு படுத்தோம். விடிந்து பார்த்தால் மாடிப்படி பாதி வரைக்கும் வந்திருந்தது. ஆனால் வந்த வரைக்கும் இருந்ததை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெறும் பாறையும் புதருமாக நான் பார்த்திருந்த இடத்தில் ஜன்னல் கண்ணாடி மின்னியது, பின்னால் கல்வராயன் மலை நின்றது.

இன்ஜினியருக்கும் படம் பிடித்துப்போயிற்று. ஆனால் ஒரு படத்துக்கு நாள் கணக்காகக் காத்திருக்க முடியாது என்றார். தை பிறந்தால் வேலைகள் நிறைய வரும், அதற்குள், படத்தைச் சீக்கிரம் முடித்துத் தரும் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டால் எல்லாப் படத்தையும் அக்காவுக்கே தருவதாகவும், இல்லையென்றால் சேலத்துக்கு அனுப்பிவிடப் போவதாகவும் சொன்னார். கம்ப்யூட்டருக்கான மற்ற சாமான்களை அக்கா தன் சம்பளச் சேமிப்பில் வாங்கி வைத்துவிட்டாள். கார்டு ஒன்றுதான் பாக்கி. அதற்கு மரவள்ளிப் பணத்தில் இருந்து தருவதாக அப்பா ஒப்புக்கொண்டார்.

இதே சமயத்தில் எலவனாசூர்கோட்டையில் இருந்து அக்காவைப் பெண் கேட்டு ஆள் விட்டிருந்தார்கள். அக்கா சுற்றி வளைக்கவில்லை. வேலை அமைந்துவிட்டால் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் நேராகவே கேட்டாள். அப்பாவும் சரி என்றார். தையில் வேலை, இல்லாவிட்டால் தையில் பெண் பார்க்க வரச் சொல்வது. பேச்சு அதுதான்.

ஆவணியிலேயே பணம் பீரோவுக்குள் வந்துவிட்டது. மறுநாளே கள்ளக்குறிச்சிக்குப் போய் வாங்கியிருக்கலாம். அங்கேதான் வினை வந்தது. உலகத்தில் இந்தக் கார்டு செய்கிற பெரிய கம்பெனிகள் இரண்டு. ஒன்றின் பெட்டி பச்சை, மற்றதன் பெட்டி சிவப்பு. பச்சைக் கம்பெனி புது கார்டு விடப் போகிறது, பழைய கார்டின் விலை இறங்குகிறது என்று அக்கா போனில் படித்துவிட்டு வாய் தவறி அப்பாவிடம் சொல்லிவிட்டாள். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த அப்பா அப்படியே நிமிர்ந்தார்.

"பச்சைக்காரன் எறக்கிட்டானா? அப்ப செவப்புக்காரன் சும்மா இருப்பானா? ரெண்டு பேரும் அடிச்சிக்கினு இருக்கசொல்ல நாம இன்னாத்துக்கு நடுவுல பூந்து ஜாஸ்தி குடுக்கணும்? இரும்மா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் செய்தி கேட்பது என்றால் அந்த இரண்டு கம்பெனிகளின் சண்டையைக் கேட்பதுதான். சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கும் முன் அப்பா, இன்றைக்கு எவன் இறக்கினான் என்று விசாரிப்பார். புரட்டாசியில் பச்சைக்காரன் இறக்கினான். ஐப்பசியில் சிவப்புக்காரன் அதைவிடக் குறைத்து ஒன்றை அறிவித்தான். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நேரில் பார்த்திராத அந்த இரண்டு பேரும் அவர் மனத்தில் பைக்கில் வரும் மரவள்ளிப் புரோக்கர்களாகவே ஆகிவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான். பச்சைச் சட்டைக்காரர் ஒருவரும் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவரும் எங்கள் அக்காவுக்குக் கார்டு விற்பதற்காக எங்கேயோ மாறி மாறித் தூக்கமில்லாமல் தவிப்பதாக நான் நம்பினேன்.

தீபாவளி முடிந்ததும் அக்கா கெஞ்ச ஆரம்பித்தாள். இதற்கு மேல் இறங்காது, வாங்கிவிடலாம் என்றாள். இன்னும் ஓர் இறக்கம் பாக்கி இருக்கிறது, அது தனக்குத் தெரியும் என்றார் அப்பா. மரவள்ளியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் உண்மையாகத்தான் இருந்திருக்கிறது. அதனால் அம்மாவும் வாயைத் திறக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் அக்கா போனைப் பார்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விலை ஏறியிருந்தது. ஒன்றின் விலை இல்லை, பச்சை, சிவப்பு, பழையது, புதியது எல்லாமே. எங்கேயும் சரக்கும் இல்லை. கம்ப்யூட்டரிலேயே கிரிப்டோ என்ற காசைத் தோண்டுகிறவர்கள் கார்டுகளைக் கட்டுக் கட்டாக வாங்கிக்கொண்டு போகிறார்களாம். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தோண்டறதுக்கு அதுக்குள்ள மண்ணு எங்கம்மா இருக்குது?" என்று கேட்டார்.

கண்ணால் பார்க்க முடியாத காசை யாரோ தோண்டுவதற்காக எங்கள் அக்காவின் கார்டு போய்விட்டது என்பது எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பகீரென்கிறது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து, இரண்டு பேர் அடித்துக்கொண்டால் விலை நம் பக்கம் சாயும் என்றுதான் எங்கள் வீட்டில் தெரியும். அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒன்றாக விலையை ஏற்றுவார்கள் என்று யார் கண்டது?

மார்கழியில் அக்கா விசாரித்து விசாரித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் ஒரே ஒரு கார்டு இருப்பதைக் கண்டுபிடித்தாள். உரத்துக்கு வைத்திருந்த பணத்தையும் சேர்த்து அப்பா மடியில் கட்டிக்கொண்டார். டவுன் பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னக் கடை. கடைக்காரர் இளவயதுக்காரர், மரியாதையானவர், "இந்தா பாப்பா" என்று எனக்கு ஒரு சாக்லேட்கூடக் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைப் பெட்டி ஒன்று தனியாக இருந்தது. அவர் விலையைச் சொன்னார். ஆவணியில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் மடியில் இருந்த பணம் போதும். அக்கா முகத்தில் அன்றுதான் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

அப்பா குறைத்துக் கேட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "இது இன்னிய ரேட்டுங்க. சாயங்காலம் இன்னா ரேட்டுன்னு எனக்கே தெரியாதுங்க" என்றார். அப்பா இன்னொரு விலை கேட்டார். கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அக்கா அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்பா, வாங்கிடலாம்ப்பா. ஏத்திக் குடுக்கறத நானு சம்பாரிச்சித் தரேன்."

அப்பா அவளைப் பார்த்து கடைக்காரருக்குத் தெரியாமல் ஒரு கண்ணைச் சிமிட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடையை விட்டு இறங்கினார். எனக்கு அந்த நடை நன்றாகத் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு நானும் கூடவே நடந்தேன். அக்கா மட்டும் வாசலிலேயே நின்று, பிறகு வேறு வழியில்லாமல் பின்னால் வந்தாள்.

ஜூஸ் கடை வரைக்கும் வந்தோம். கூப்பிடவில்லை. அப்பா நடையைக் குறைத்தார். பிளாஸ்டிக் சாமான் கடை முன்னால் நின்று, தேவையே இல்லாத ஒரு குடத்தின் விலையைக் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகவோ வீம்பாகவோ இல்லை. நாங்கள் வந்துபோனதையே மறந்துவிட்ட மாதிரி இருந்தார். அப்பா செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினார். அப்போது ஒரு பையன் பைக்கில் வந்து இறங்கினான். இரண்டு வார்த்தை பேசினான். போனை நீட்டிப் பணம் அனுப்பினான். பச்சைப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். குடத்தின் விலையைப் பேசி முடிக்கக்கூட அத்தனை நேரம் போதாது.

அக்காவைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அப்பா மறுபடியும் கடைக்குப் போனார். பாய்ந்து போகவில்லை, மெதுவாகத்தான் போனார்.

"ஏம்பா, நானு போறப்ப நீ ஏன் கூப்புடல?" என்று கேட்டார்.

கடைக்காரருக்கு உண்மையாகவே புரியவில்லை. "எதுக்குங்க கூப்புடணும்?" என்றார்.

அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது கை நீட்டி அடித்திருந்தால்கூட அவர் அப்படி ஆகியிருக்க மாட்டார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் அக்கா, நடுவில் நான், இந்தப் பக்கம் அப்பா. அந்தக் கார்டு இரண்டு வருஷம் கழித்துப் பழைய விலைக்கும் கீழே போயிற்று. அப்பாவின் கணக்கு தப்பில்லை என்றுதான் சொல்ல வேண்டும், காத்திருக்க வேண்டிய காலம் மட்டும் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.

இன்ஜினியர் நல்ல மனிதர். போனில் ரொம்ப வருத்தப்பட்டாராம். வருத்தப்பட்டுவிட்டு வேலையைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்.

தை பிறந்து எலவனாசூர்கோட்டைக்காரர்கள் வந்தார்கள். பையன் மரியாதையாக இருந்தான், குடும்பமும் நல்ல குடும்பம்தான். காபி குடித்துவிட்டு அவர்கள் வாசல் பக்கம் போனதும், கூட வந்திருந்த கல்யாணத் தரகர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். உளுந்தூர்பேட்டையிலும் ஓர் இடம் இருக்கிறது, அவர்களையும் வரச் சொல்லலாம், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னால் போதும் என்றார். அப்பாவுக்கு இதைவிடப் பிடித்த வார்த்தை உலகத்தில் இருக்க முடியாது. இனி ஆடி வரைக்கும் இரண்டு குடும்பத்தையும் அலையவிடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"வோணாம்பா. காத்துக்கினு இருந்து பார்த்ததெல்லாம் போதும். இதையே முடிச்சிடு" என்றார் அப்பா.

அம்மா கையில் இருந்த தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். தரகரே ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். எங்கள் அப்பா, வாழ்நாளில் முதல் முறையாக, முதலில் கேட்டவருக்குச் சரி சொல்லிவிட்டார்!

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கார்டு விஷயத்தால் அப்பாவுக்குப் புத்தி வந்துவிட்டது, இனிமேல் யாரையும் காக்க வைத்து ஏமாற மாட்டார் என்று துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அக்கா பட்டுப்புடவையோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அப்பா பேரமே பேசவில்லை, பேச்சை உடனே முடித்துவிட்டார் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் புடிச்சிருக்குதான்னு கேட்டாராடி?"

நான் யோசித்துப் பார்த்தேன். இல்லை, கேட்கவில்லை என்று சொன்னேன். அதை ஏன் அக்கா கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடம் அன்றைக்கு எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.