காவோலை மேல் நின்ற லொறி

அன்று மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் நின்றவர்கள் நான்கு பேர்தான். நான், என் மனைவி, அவளுடைய தமையனான என் மச்சான், பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. போன வருடம், தென்மேற்கிலிருந்து மாதக்கணக்காக அடிக்கிற சோளகக் காற்று ஓயப்போகிற நாட்களில் ஒரு பின்னேரம். பெயர்களை நான் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் சின்னனிலிருந்தே உண்டு. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பேன். கடலுக்குப் பயந்துதான் லொறி ஓட்டப் போனேன். அப்படிப்பட்டவன் லீசிங்கில் ஒரு பழைய யப்பான் டீசல் லொறியை எடுத்தேன் என்றால், அது என் மச்சான் தந்த தைரியம். "நான் பிடிக்கிற மீனை நீ ஏத்து. வேற என்ன வேணும் மச்சான்?" என்றான். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

லொறி வந்து கொஞ்ச நாளில், மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று மினுங்கத் தொடங்கியது. ஒரு பெட்டியும் அதற்குள் புள்ளிகளுமாக ஒரு படம். கீழே ஒரு பொத்தான், அதில் யப்பான் எழுத்து. விற்றவரிடம் போய்க் கேட்டேன். "அது ஒண்டும் இல்லைத் தம்பி, எல்லா லொறியிலயும் அப்பிடித்தான்" என்று அனுப்பிவிட்டார்.

விளக்கோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சில வேளை சந்தையில் மீன் இறக்கிக்கொண்டு நிற்கும்போது, நான் மிதிக்காமலே இஞ்சின் தானாக இரையும். சைலன்சர் பக்கம் அனல் அடிக்கும். எரிந்த மணம் வரும். இஞ்சின் வெடிக்கப் போகிறது என்றே நினைப்பேன். டீசலுக்கு வரிசையில் கிடந்து நித்திரை கொண்ட காலத்தை மறக்காதவன் நான். சும்மா நின்ற இடத்தில் டீசல் எரிவதைப் பார்க்கவும் முடியாது. உடனே சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவேன். ஒவ்வொரு முறையும் பெரிய ஆபத்திலிருந்து லொறியைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு நிம்மதி.

ஒருநாள் என்னோடு மன்னாருக்கு வந்த என் மனைவி, நான் விளக்கையே பார்த்துக்கொண்டு ஓடுவதைக் கண்டுவிட்டாள். "நீங்கள் விளக்கப் பாக்கிறீங்களோ, றோட்டப் பாக்கிறீங்களோ?" என்று ஏசினாள். பிறகு கைப்பையைத் திறந்து, மடுமாதா படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அந்த விளக்கின் மேலேயே ஒட்டிவிட்டாள். "இனி மாதா பாத்துக்கொள்ளுவா."

உண்மையாகவே மனம் ஆறியது. சில கிழமைகள் நன்றாக நித்திரை கொண்டேன்.

பிறகு ஒரு காலை, வவுனியாவுக்கு மீன் ஏற்றிக்கொண்டு தீவைத் தாண்டுகிற பெரிய பாலத்தில் ஏறினேன். லொறி இழுக்கவில்லை. அடிவரை மிதித்தும் மாட்டுவண்டி வேகம்தான். ஒரு சைக்கிள்காரர் என்னை முந்திக்கொண்டு போனார். போகிறவர் சும்மா போகவில்லை. "என்ன அண்ணை, திருக்கேதீஸ்வரத்துக்கு நடந்து வாறனெண்டு லொறி நேத்தி வைச்சதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைய மீன் வவுனியாவைக் காணவில்லை. பாதி விலைக்கு வழியிலேயே போனது.

கராஜில் மெக்கானிக் ஒருவர் மாதா படத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்பி, முன் கண்ணாடியில் பவுத்திரமாக ஒட்டினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"மாதாவை வைச்சு மறைச்சா வருத்தம் மாறுமோ?"

அவர் சொன்னதிலிருந்து எனக்கு விளங்கியது இதுதான். டீசல் புகையில் வருகிற கரியை வெளியே விடாமல் ஒரு பெட்டி பிடித்து வைக்கிறது. பெட்டி நிறைந்ததும் லொறி தானாகவே கொஞ்சம் கூட டீசலை விட்டு, அந்தப் பெட்டியைச் சூடாக்கிக் கரியை எரித்துவிடும். இஞ்சின் இரைவது அதற்குத்தான். நான் ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்தியதால் கரி எரியவில்லை, பெட்டி அடைத்துக்கொண்டது. எரியாமல் போன டீசல் இஞ்சின் ஒயிலோடு போய்ச் சேர்ந்திருந்தது. கரைக்கும் சந்தைக்குமாக ஓடுகிற என் குட்டி ஓட்டங்களில் அது தானாகச் சூடேறவும் வழியில்லை. நான் காப்பாற்றியதாக நினைத்த ஒவ்வொரு தடவையும் அதன் மூச்சைத்தான் பிடித்து அமத்தியிருக்கிறேன்.

பெட்டியைக் கழற்றிக் கழுவிப் பூட்டித் தந்தார். "இனி விளக்கு மினுங்கினா வெட்டையில நிப்பாட்டுங்கோ. ஹாண்ட் பிரேக்கப் போட்டு இந்தப் பொத்தானை அமத்துங்கோ. சத்தம் தானாக் குறையுமட்டும் கை வைக்கக் கூடாது."

வெட்டையில், திறந்த வெளியில், என்று அவர் சொன்னது புகை கலைந்து போவதற்காக என்று நான் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளைதான் நான்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. மணலில் சில்லுப் புதையாமல் இருக்கக் காய்ந்த பனையோலையான காவோலையையும் தென்னோலையையும் பாதையாகப் பரப்பி, அதன் மேல்தான் வாகனத்தை விடுவோம். என் லொறிக்கென்றே மச்சான், கரையில் வலை வைக்கிற தன் வாடி வரைக்கும் அப்படி ஒரு பாதை போட்டு வைத்திருந்தான். சோளகம் முழுக்க எங்கள் பக்கத்துக் கடல் அடித்துக்கொண்டு கிடந்ததால் அவன் தொழிலுக்குப் போகவில்லை. அந்த மாதங்களெல்லாம் தென்னங்கிடுகு வேய்ந்த அந்த வாடிக்குள் இருந்து கிழிந்த வலை பொத்தினான். கடன்பட்டுப் புது வலையும் வாங்கிப் பழையதோடு சேர்த்துக் கட்டினான். காற்று ஓய்ந்ததும் இறங்கவேண்டியதுதான் பாக்கி. அவன் கேட்ட கயிற்றை மன்னாரில் வாங்கிக்கொண்டு அன்று கரைக்குப் போனேன். தமையனுக்குத் தேத்தண்ணி கொண்டு மனைவியும் வந்தாள்.

கரையில் லொறியை விடும்போது விளக்கு மினுங்கியது. நான் பயப்படவில்லை. எனக்குத்தான் இப்போது எல்லாம் தெரியுமே. ஹாண்ட் பிரேக்கைப் போட்டுப் பொத்தானை அமத்தினேன். இஞ்சின் இரைந்தது. வெள்ளைப் புகை வந்தது.

கருவாட்டு அக்கா கத்தினார். "தம்பி, உன்ர புகை முழுக்க என்ர கருவாட்டில படுது! பிறகு டீசல் மணக்கிற கருவாட்டை ஆர் வாங்குவினம்?"

"டீசல் விக்கிற விலைக்கு, மணந்தா இன்னும் கூட்டி விக்கலாம் அக்கா" என்றான் மச்சான்.

யாரும் என்னோடு கோபிக்கக் கூடாது எனக்கு. லொறியை முன்னுக்கு எடுத்து, கருவாட்டைக் கடந்து, ஓலைப் பாதை முடிகிற இடத்தில் வாடியோடு அண்டி நிறுத்தினேன். மறுபடி பொத்தானை அமத்தினேன். "சரி, இனி என்ர வலை புகை குடிக்கட்டும்" என்று மச்சான் சிரித்தான். கொஞ்சம் பொறுத்து அவனே, "போதுமடா, நிப்பாட்டு. காது அடைக்குது" என்றான்.

"இல்ல மச்சான். பாதியில நிப்பாட்டக் கூடாது" என்றேன். படித்தவன் மாதிரிச் சொன்னேன்.

கயிற்றை இறக்கிவிட்டுக் கொஞ்சத் தூரத்தில் வள்ளத்து நிழலில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். மனைவி மூக்கைச் சுளித்தாள். "என்னவோ எரியிற மணமெல்லோ வருது?"

"அது அப்பிடித்தான் மணக்கும்" என்றேன்.

இஞ்சின் சத்தம் தானாகக் குறைந்தது. "பாத்தியளே, முடிஞ்சுது" என்று நான் பெருமையாகத் திரும்பினேன். லொறியின் அடியில் நெருப்பு நின்றது. மாதக்கணக்காக வெயிலில் காய்ந்த ஓலை. அதன் மேல் ஒரு சாண் உயரத்தில், கரியையே எரிக்கிற அந்தப் பெட்டியின் சூடு.

நான் ஓடினேன். எங்கே ஓடினேன் என்பதைத்தான் இன்றைக்கும் நினைத்து நித்திரை வராமல் கிடக்கிறேன். லொறிக்குத்தான் ஓடினேன். ஏறிப் பின்னுக்கு எடுத்தேன். லொறி மறைத்துக்கொண்டு நின்ற காற்று அத்தனையும் அந்த நெருப்பில் விழுந்தது. நெருப்பு ஓலையிலிருந்து எழும்பிக் கிடுகில் ஏறியதை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். கண்ணாடியில் மாதா படம் இருந்தது.

மச்சான் வாடிக்குள் போய் ஒரு சிப்பம் வலையை இழுத்து வந்தான். இரண்டாவது தரம் போனவனை மனைவியும் அந்த அக்காவும் சட்டையில் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். மீன் பெட்டிகளில் கடல் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினோம். நைலோன் வலை எரிவதில்லை, உருகும். உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்து, கடைசியில் ஈயக் குண்டுகளோடு ஒட்டின கறுத்தக் கட்டியாகக் கிடந்தது. நெருப்பு அணைந்தபோது வாடியின் நான்கு கால்களும் அந்தக் கட்டியும்தான் மிச்சம்.

மச்சான் வெந்த கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு மணலில் இருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"லொறிக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டான்.

குத்திக் கேட்டானா, உண்மையாகவே கேட்டானா என்று இன்னும் எனக்குத் தெரியாது. இல்லை என்று தலையாட்டினேன். லொறிக்கு ஒன்றும் இல்லைத்தான். விளக்கு அணைந்திருந்தது. இஞ்சின் அதற்கு முன் ஒருநாளும் அவ்வளவு அமைதியாக ஓடியதில்லை.

காற்று ஓய்ந்து கடல் அலையில்லாமல் தட்டுப்போலக் கிடந்த அந்தப் பருவத்தில், என் மச்சான் வேறொருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போனான். வலது கையின் தோல் சுருங்கிவிட்டதால் வலையை முன்போல இறுக்கிப் பிடிக்க முடியாது என்று மனைவிதான் சொன்னாள். அவன் பிடிக்கிற மீனை இப்போதும் நான்தான் ஏற்றுகிறேன், ஆனால் அது அவனுடைய மீன் இல்லை. கரைக்குப் போனால் என்னைக் கண்டு சிரிப்பான். பழைய சிரிப்பு இல்லை. மனைவி லொறியில் ஏறுவதில்லை. நடந்துதான் கோயிலுக்கும் போகிறாள்.

வலைக்கு என்ன விலை என்று அவன் சொல்லவில்லை. நானே வலைக் கடையில் போய் விசாரித்து அறிந்தேன். மாதம் முடிய என்னால் முடிந்ததை மனைவியிடம் கொடுத்து அனுப்புகிறேன். எண்ணாமல் வாங்கி வைக்கிறானாம். சில மாதம் லீசிங் கட்டினால் அவனுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. அந்த மாதங்களில் நான் அவன் வீட்டுத் தெருவால் போவதில்லை.

விளக்கு இப்போதும் வரும். வந்தால் பாலத்துக்கு இப்பால், ஒரு புல்கூட இல்லாத தார் றோட்டு ஓரத்தில் நிறுத்துவேன். குனிந்து அடியைப் பார்ப்பேன். சுற்றிவர ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவேன். பிறகும் ஒருக்கால் குனிந்து பார்ப்பேன். பொத்தானை அமத்திவிட்டு எட்டப் போய்க் கல்லில் இருப்பேன். கரி எரிந்து முடியும் வரைக்கும் லொறி அங்கே இரைந்துகொண்டு நிற்கும், எரிந்து தீராத ஒன்றோடு நான் இங்கே இருப்பேன்: என் மச்சானுக்கு இன்னும் கொடுக்க வேண்டியது மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.