கருத்துக்கென விட்ட தாள்கள்

நெல்லையப்பர் திருவடி சரணம். இன்று தைப்பூசம்.

பேத்தி, தான் வடிவமைத்த இளையோர் இசை இதழை அச்செடுத்து வந்தாள். "தோழிகளுக்குப் பிடிக்கலன்னு நாதஸ்வரப் பக்கத்தை எடுத்துட்டேன், தாத்தா" என்றாள். அந்த மையின் மணம் என்னைப் பள்ளி நாள்களுக்கு இழுத்துச் சென்றது.

அன்று, நன்றாகப் பாடும் என் நண்பன் செல்லையா இசைக்கென ஒரு கையெழுத்து இதழ் நடத்தினான். கோயிலில் ஓதுவார் பாடும் தேவாரப் பண்களைப் பற்றி எழுதி, வண்ணம் தீட்டி, வாசகர் கருத்துக்கெனக் கடைசியில் வெற்றுத் தாள்கள் தைப்பான். அந்த ஒரே பிரதி வகுப்பெல்லாம் சுற்றி வரும்.

"பண்ணு யாருக்குலே வேணும்? சினிமாப் பாட்டைப் போடு" என்று ஒருவன் எழுதினான். செல்லையா போட்டான். "ஒரே எழுத்தா இருக்குலே, படம் போடு" என்று இன்னொருவன் எழுதினான். கட்டுரைகளை நீக்கிப் படம் வரைந்தான்.

"இனி எல்லாவனுக்கும் பிடிக்கும், பாருலே" என்று என்னிடம் சொன்னான்.

அந்த இதழ் சுற்றித் திரும்பியபோது கடைசித் தாள்கள் வெள்ளையாகவே இருந்தன.

"ஏசக்கூட ஒருத்தனும் இல்லையேலே" என்றான். அதன்பின் அவன் இதழும் நடத்தவில்லை, பாடவும் இல்லை.

"எப்படி இருக்கு, தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். நன்றாயிருக்கிறது என்றேன். நாதஸ்வரப் பக்கம் இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தேடித் தாள்களைப் புரட்டினேன்.

இதைப் படிக்கும் யாவர்க்கும், மனமூன்றிக் கேட்கும் ஒரு செவியையேனும் இறைவன் அருள்க.