சட்டியை விடாத கை

"விழுந்தபோது கையில் என்ன வைத்திருந்தீர்கள்?" என்று எலும்பு மருத்துவர் கேட்டார். எக்ஸ்ரே படத்தில் என் வலது மணிக்கட்டு நொறுங்கிக் கிடந்தது.

"நண்டுக்கறிச் சட்டி" என்றேன். கணினியில் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

என் கணவர் நகுலன் ஐம்பது வயதுக்குப் பிறகு சிறு விமானம் ஓட்டப் பழகியவர். தூரத்து ஊரில் வேலைபார்க்கும் மகளைப் பார்க்க, முதன்முறையாக அவரோடு ஏறினேன். இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருக்கையில் எஞ்சின் இருமி நின்றது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது, எட்டவில்லை.

"சட்டியை விடப்பா! குனி!" என்று கத்தினார். நான் விடவில்லை. மகளுக்கென்று விடிய எழும்பிச் சமைத்தது. இப்போது நினைத்தால் என்மேல் எனக்கே விசர்க் கோபம் வருகிறது. புல்வெளியில் மோதினோம். அவருக்கு நெற்றியில் இரண்டு தையல். எனக்கு இந்தக் கை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவரைத்தான் புகழ்ந்தார்கள். "அங்கிள் கெட்டிக்காரன், எஞ்சின் இல்லாமலே இறக்கிப்போட்டார்" என்றாள், நாங்கள் குடியிருக்கும் பென்டில் ஹில்லில் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

"இறக்கினவரோ? விழுத்தினவர்" என்றேன். நகுலன் எழும்பித் தேநீர் போடப் போனார்.

பரமட்டாவில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. நாளத்தைக் கண்ணால் தேடுவதில்லை, சுட்டுவிரல் நுனியால் தேடுவோம். அந்த நுனிதான் மரத்துப்போயிருந்தது. மீடியன் நரம்பு (பெருவிரல், சுட்டுவிரல் பக்கத்துக்கு உணர்வு தருவது) நசிந்துவிட்டதாம். "உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார் மருத்துவர். பொறுத்திருக்கச் சொன்னார். என்னிடம் இல்லாத ஒன்று அது.

உணர்வு திரும்பிவிட்டதா என்று அரிசிக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். பருப்புக்குள் விடுவேன். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டேன். குசினியில் பிரிட்ஜ் மோட்டார் நின்றால் போதும், விமான எஞ்சின் நின்றதுபோல ஓடிப்போய்க் கதிரையைப் பிடிப்பேன். இதை வாசிக்கிற உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கும், வெட்கப்படாதீர்கள்.

எட்டு மாதம் கழித்து, மேலாளர் முன்னால் ஒருவருக்கு இரத்தம் எடுத்துக் காட்டினால்தான் வேலை என்றார்கள். குத்தத் தன் கையைத் தர நகுலன் நிலையத்துக்கு வந்தார். ஊசியைக் கண்டால் தலைசுற்றுகிற மனுசன்.

"உங்களுக்கு ஏலாதப்பா. வேற ஆரையும் கூப்பிடுவம்."

"உன்ரை கை போனது என்னாலை. குத்து."

"குத்து பிழைச்சுப்போனால்?"

"மற்றக் கை கிடக்குதுதானே."

கதிரையில் சாய்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். புயத்தில் பட்டியைக் கட்டி, முழங்கையின் உட்புறத்தில் விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. நகர்த்தினேன். வியர்வை தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்போது அறை மூலையில், இரத்தக் குழாய்கள் வைக்கும் பிரிட்ஜின் மோட்டார் நின்றது.

என் உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது. கை எதையாவது பிடிக்கப் பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தது. அழுத்திய இடத்தில், விரல் நுனியின் ஓரத்தில், மெத்தென்று ஏதோ அமுங்கி எழும்பியது. கடவுளே, நாளம்!

குத்தினேன். குழாயில் இரத்தம் ஏறியது.

எஞ்சின் நின்றதிலிருந்து நிலத்தில் மோதும்வரை ஒரு நிமிடம்கூட இல்லை என்பார் நகுலன். எனக்கு அந்த நிமிடம் எட்டு மாதம் இழுத்து, அந்தக் கதிரையில்தான் முடிந்தது. விரலில் பாதி இன்னும் மரப்புத்தான். மீதிப் பாதியால் வேலை செய்கிறேன்.

"முடிஞ்சுதோ?" என்றார், கண் திறக்காமல்.

"ஓம், முடிஞ்சுது."

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தேன். அவர் கையை மட்டும் விடவில்லை.